ஒருத்தரும் பிழை சொல்லாத சஞ்சிகை

அந்த யோசனை எனக்கு யாழ்ப்பாணப் பட்டணத்துப் புடவைக்கடை ஒன்றில் வந்தது. சின்னம்மாவுக்குக் கூறைச்சேலை எடுக்கப் போயிருந்தோம். மற்றச் சேலைகளையெல்லாம் உதறி விரித்து எறிந்துகொண்டிருந்த கடைக்காரர், ஒன்றை மட்டும் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துவந்து மேசையில் வைத்தார். கண்ணாடிக் கடதாசியால் சுற்றியிருந்தது. அம்மா அதன்மேல் விரலை வைக்கப்போனபோது, "தொடாமல் பாருங்கோ அம்மா, எடுக்கிறதெண்டால் பிரிப்பம்" என்றார். அம்மா கையை இழுத்துக்கொண்டார். கடைக்குள் நின்ற அத்தனை பேரும் அந்தச் சேலையையே பார்த்தார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தொடக்கூடாது என்று ஆனவுடன் ஒரு பொருளுக்கு எவ்வளவு மதிப்பு வந்துவிடுகிறது என்பதை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் சஞ்சிகைக்கும் இப்படி ஒரு கண்ணாடிச் சட்டை போடவேண்டும். போட்டால் எங்களோடு போட்டிக்கு நின்ற எட்டு 'பி' வகுப்பு தொலைந்தது.

சஞ்சிகை என்றால் அச்சில் வருவது என்று நினைக்கவேண்டாம். உரும்பிராய்ப் பக்கத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவர் மன்றம் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் மன்றத்துக்கு. தலைவர், செயலாளர், போன கூட்ட அறிக்கை, முன்மொழிதல், வழிமொழிதல் என்று, பாராளுமன்றமே எங்களைப் பார்த்துத்தான் பழகியது என்ற நினைப்பில் நடத்துவோம். தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு மன்றமும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வெளியிடும். ஒரே ஒரு பிரதிதான். கதை, கட்டுரை, கவிதை, விடுகதை எல்லாம் இருக்கும். கடைசி நாலு பக்கத்தையும் வெறுமையாக விட்டு, மேலே 'வாசகர் கருத்து' என்று எழுதிவைப்பது வழக்கம். வாசித்தவர்கள் மனதில் பட்டதை அதில் எழுதலாம்.

அந்தத் தவணை அதிபர் ஒரு புதுக் காரியம் செய்தார். எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் போட்டி வைத்தார். எந்தச் சஞ்சிகை வெல்கிறதோ அதன் ஆசிரியர்தான் அந்த வருடப் பாடசாலை மலருக்கு மாணவ ஆசிரியர். பாடசாலை மலர் பட்டணத்தில் அச்சாகும். ஆசிரியரின் பெயர் உள் அட்டையில் தனி வரியில் வரும். அதுவரை என் பெயர் வகுப்பு இடாப்பிலும் அரிசிக் கூப்பனிலும்தான் இருந்தது. அச்சில் வரப்போகும் பெயரை முதலெழுத்துடன் போடுவதா, அப்பாவின் முழுப்பெயருடன் போடுவதா என்று இரண்டு இரவு யோசித்து, முழுப்பெயர் என்று முடிவெடுத்தேன். ஒரு வரி கட்டுரை வந்துசேர முதலே இந்த முடிவு ஆகிவிட்டது.

எட்டு 'ஏ' சஞ்சிகைக்கு ஆசிரியை நான். எட்டு 'பி'க்கு என் மச்சாள்.

மச்சாள் என்றால் மாமாவின் மகள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. நடுவில் ஆள் புகுந்து போகக்கூடிய பொட்டு ஒன்று வேலியில் இருந்தது. மற்ற நாட்களில் ஒருநாளைக்குப் பத்துத் தரம் அதற்குள்ளால் போய்வருவோம். சஞ்சிகை வேலை தொடங்கியதும் இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் நின்று கதைக்க ஆரம்பித்தோம்.

"என்ன மச்சாள், உங்கடை தலையங்கம் முடிஞ்சுதோ?" என்று அவள் தொடங்குவாள்.

"அது எப்பவோ முடிஞ்சுது. இப்ப அட்டைக்குப் பூ கீறுகினம்."

"நாங்கள் எல்லாம் ஒட்டிக் கட்டியாச்சு. ஊருக்கை வாசிக்கப் போயிட்டுது."

"கட்டினதைப் பாத்தனான். சாக்குத் தைக்கிற நூலாலை கட்டிக்கிடக்கு."

"சாக்குத் தைக்கிற நூல் அறாது, மச்சாள்" என்றாள் அவள்.

இப்படிக் கதைக்க அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வகுப்பில் யோகன் என்று ஒருவன் இருந்தான். அவன் எழுத்து முத்துக் கோர்த்த மாதிரி இருக்கும். கொப்பிக்கும் கடதாசிக்கும் தட்டுப்பாடான காலம் அது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தாள்களை ஒரே அளவுக்கு வெட்டி, பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, யோகன் எழுதியபின் கோட்டை அழித்து, முப்பத்திரண்டு பக்கம் செய்தோம். ஒரு சொல் பிழைத்தால் முழுப்பக்கத்தையும் திரும்ப எழுதினான். விரல் வீங்கிப்போய் இரண்டு நாள் சோற்றை இடது கையால் சாப்பிட்டான் என்று அவன் தங்கச்சி சொன்னாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பக்கங்களைப் பற்றி எனக்குப் பெருமைதான். பல்கலைக்கழகத்தில் இப்போது நாலு சங்கத்துக்கு ஓடித்திரிகிறேன். அப்படி ஒரு வேலையை இன்னும் காணவில்லை.

கண்ணாடிக் கடதாசியைச் சின்னம்மாவின் கலியாணத்தன்று பிடித்தேன். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அறைக்குள் புகுந்து, பிரித்துப் போட்டிருந்த கடதாசியைச் சுருங்காமல் சுருட்டி எடுத்துவந்தேன். சஞ்சிகைக்கு அளவாக வெட்டி ஒட்டினோம். யன்னல் வெளிச்சம் பட்டதும் அட்டை பளபளத்தது. எங்கள் மன்றம் உடனே கூடித் தீர்மானம் போட்டது: சஞ்சிகை நூலக அலுமாரியில் இருக்கும். பார்க்க விரும்புவோர் இடைவேளையில் வரலாம். எட்டு 'ஏ' பிள்ளை ஒருவர் பக்கம் புரட்டிக் காட்டுவார். வேறு எவரும் தொடக்கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. பிரேரணை என்னுடையது.

ஒரே ஒருநாள், கையெழுத்துப் பிரதி எல்லாம் சரியா என்று பார்க்க, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, சஞ்சிகையோ சாமிப்படமோ?" என்றான். பின்வளவில் அம்மா வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிய வெங்காயத்தை மண் உதறி, தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டவேண்டும். முழங்கை வரை செம்மண்.

"கொண்டா பாப்பம்" என்று அம்மா கையை நீட்டினார்.

"உந்தக் கையோடையோ?" என்றேன்.

அம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். "கழுவிப்போட்டு வாறன்."

"கழுவினாலும் ஈரம் இருக்கும் அம்மா. பேந்து காட்டுறன்." சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு முழம் தள்ளி, அட்டையை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.

அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த பிடியை எடுத்தார். நான் மறந்துபோனேன்.

நடுவராக வந்தவ வேறொரு பள்ளிக்கூடத்துத் தமிழ் ரீச்சர். மெல்லிய ஆள், மூக்குக்கண்ணாடி. நூலகத்தில் இரண்டு சஞ்சிகையையும் முன்னால் வைத்துக்கொண்டு முழு மத்தியானமும் இருந்தா. எட்டு 'பி'யின் சஞ்சிகையை அன்றைக்குத்தான் நான் கிட்ட நின்று பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. அட்டை மூலை மடிந்திருந்தது. பக்கங்களில் செம்மண் விரல் அடையாளம். ஓரிடத்தில் கிழிந்ததைச் சோற்றால் ஒட்டியிருந்தார்கள். கடைசி நாலு பக்கம் போதாமல், கொப்பித்தாள், சீனி சுற்றிய கடதாசி என்று என்னென்னவோ பின்னால் குண்டூசியால் குத்தியிருந்தது.

ரீச்சர் எங்கள் சஞ்சிகையை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, கடைசிக்கு வந்தா. 'வாசகர் கருத்து' என்று யோகன் பூவேலையோடு எழுதியிருந்தான். கீழே நாலு பக்கமும் பால் மாதிரி வெள்ளை.

"ஆசிரியை ஆர்?"

"நான், ரீச்சர்."

"உந்தப் பக்கங்கள் ஏன் வெறுமையாய்க் கிடக்கு?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "ஒருத்தரும் பிழை சொல்லேல்லை, ரீச்சர்."

அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டா. சிரித்த மாதிரியும் இருந்தது. பதில் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அதிபர் ஒரு துண்டை எடுத்து வாசித்தார். "எட்டு 'ஏ' சஞ்சிகை மிகவும் அழகு. எட்டு 'பி' சஞ்சிகைக்கு முதலிடம்." துண்டில் அவ்வளவுதான் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மலசலகூட வாளி உடைந்ததைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

மச்சாள் மூன்றாவது வரிசையில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளோடு சண்டை பிடித்திருக்கலாம்; அதற்கும் வழியில்லாமல் போயிற்று. பாடசாலை மலரின் உள் அட்டையில் அவள் பெயர். தனி வரியில்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மன்றக் கூட்டத்தில் போன கூட்ட அறிக்கையை ஒருவரும் கேட்கவில்லை.

"செம்மண் பூசினதுக்குப் பரிசெண்டால், நாங்களும் தோட்டத்திலை போட்டு உருட்டி எடுத்திருக்கலாம்" என்றான் யோகன். அவன் விரலில் இன்னும் மையின் கறை இருந்தது.

"அதிபருக்கு மனு எழுதுவம்" என்றாள் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி.

"எழுதுவம். ஆனால் சும்மா எழுதக்கூடாது. அவையின்ரை சஞ்சிகையிலை இருக்கிற பிழையெல்லாம் பக்கம் போட்டு எழுதவேணும்" என்றேன் நான். மன்றச் செயலாளரும் நான்தான் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடமே விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலிப் பொட்டடிக்குப் போய்க் கூப்பிட்டேன். மச்சாள் வந்தாள். அவளும் என்னைப் போலவே இன்னும் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள்.

"உங்கடை சஞ்சிகை வேணும்."

"என்னத்துக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பிழை பிடிக்க. மனு எழுதப்போறம்."

அவள் பொட்டுக்குக் கிட்ட வந்தாள். "தாறன். ஆனால் கருத்து எழுதாமல் திருப்பித் தரேலாது. ஆர் கொண்டுபோனாலும் எழுதித்தான் தரவேணும். எங்கடை மன்றத்துச் சட்டம்."

"பிழையைத்தான் எழுதுவன்."

"எழுதன். எல்லாரும் அதைத்தானே எழுதியிருக்கினம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்துவந்து தந்தாள். பொட்டுக்குள்ளால் கை நீட்டி வாங்கினேன்.

அன்று பின்னேரம் முழுக்க மாமரத்துக்குக் கீழே இருந்து பிழை பிடித்தேன். நன்றாக அகப்பட்டன. பதினொரு எழுத்துப்பிழை. ஒரு விடுகதைக்கு விடை மாறிப்போயிருந்தது. கவிதை ஒன்றில் நிலா ஒரே இரவில் இரண்டு தரம் உதித்தது. எல்லாவற்றையும் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு, கடைசியில் கருத்துப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே பார்த்தால், எழுத்துப்பிழைகளைத் தவிர நான் கண்டுபிடித்தவை எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. விடை மாறியதைத் தபால்காரர் எழுதியிருந்தார். நிலாவைப் பற்றி பஸ் கொண்டக்டர் ஒருவர், 'இரண்டாவது நிலா எந்தத் தடத்தால் வந்தது?' என்று கேட்டிருந்தார். சீனிக் கடதாசியில் சங்கக்கடைக்காரர், 'கடைக் கணக்கில் பிழை விடுகிறேன் என்று என்னைத் திட்டுகிற பிள்ளைகள் கூட்டலில் பிழை விட்டிருக்கிறீர்கள், மிக்க மகிழ்ச்சி' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். வாசிக்க வாசிக்க எனக்கே சிரிப்பு வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

நாலாவது பக்கத்தில் ஒரு எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்தாக இருந்தது. எங்கே கண்டது என்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. எங்கள் குசினித் தட்டில் வரிசையாக இருக்கும் தகரப்பேணிகள். மல்லி, சீரகம், வெந்தயம் என்று ஒட்டியிருக்கும் துண்டுகள். அதே 'ல்', அதே சுழித்த 'ந்'.

அது தோட்டக்காரப் பெண் ஒருத்தியைப் பற்றிய கதைக்கான கருத்து. இப்படி இருந்தது:

'கதை நன்று. ஆனால் கதாநாயகி விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறினாள் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். தண்ணீர் மாறுவது ஒரு வரி வேலை அல்ல. வாய்க்காலை வெட்டி ஒரு பாத்திக்கு விட்டால், அது நிரம்ப முதல் நாங்கள் மற்றப் பாத்திக்கு ஓடவேண்டும். பிந்தினால் பாத்தி உடையும். குனிந்த முதுகு நிமிராது. பிள்ளை அழுதாலும் பார்க்கமுடியாது. தம்பி ஒருநாள் வந்து நின்று பார்த்து எழுதவும். இப்படிக்கு, எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு வாசகி.'

நான் சஞ்சிகையோடு எழும்பிப் பின்வளவுக்குப் போனேன்.

"இது நீங்கள் எழுதினதோ?"

அம்மா எட்டிப் பார்த்தார். "ஓம்."

"அவையின்ரை சஞ்சிகையிலையோ?"

"மருமகள் கொண்டுவந்து மடியிலை வைச்சிட்டுப் போட்டாள், பிள்ளை. வாசிச்சுப்போட்டுச் சும்மா திருப்பிக் குடுக்கலாமோ? எழுதாட்டி அவளுக்கு ஏச்சு விழுமாம்."

"எங்கடையை..." என்று தொடங்கிச் சஞ்சிகையை மூடினேன்.

அம்மா வெங்காயத்தாளை முறுக்கிக் கட்டிக்கொண்டே, கோபம் ஒன்றும் இல்லாமல், "உங்கடை நல்ல வடிவெண்டு எல்லாரும் சொல்லுகினம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டிருந்தால், தோற்றதற்கு என்றுதான் சொல்லியிருப்பேன். அல்லது அம்மா எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை சஞ்சிகையைத் திருப்பிக் கொடுக்கும்போது, சட்டப்படி கருத்து எழுதிக் கொடுத்தேன். பதினொரு எழுத்துப்பிழையையும் ஒன்றும் விடாமல் எழுதினேன். அதை மட்டும் வேறு எவரும் எழுதியிருக்கவில்லை. கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'முதல் பக்கத்திலிருந்து கடைசிக் கருத்து வரை நிறுத்தாமல் வாசித்தேன்' என்று எழுதி, முழுப்பெயரோடு கையெழுத்து வைத்தேன். மச்சாள் அங்கேயே நின்று வாசித்தாள்.

"பதினொண்டு இல்லை மச்சாள், பன்னிரண்டு" என்றாள். "ஏழாம் பக்கத்திலை ஒண்டை விட்டிட்டாய்."

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தில் நான் எழும்பி, "மனு எழுதேல்லை" என்றேன். ஒரே கூச்சல். யோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்வரிசை வாங்கில் இருந்தவள், "சொந்தக்காரரை விட்டுக்குடுக்க மனம் வரேல்லையாக்கும்" என்றாள். அது சரியாகத் தைத்தது. ஆனாலும் நான் திரும்ப வாங்கில் இருக்கவில்லை. கேள்வி ஒன்றைத்தான் கேட்டேன்.

"எங்கடை சஞ்சிகையை வாசிச்ச ஆக்களிலை, இந்த வகுப்புக்கு வெளியிலை ஒராளின்ரை பேர் சொல்லுங்கோ பாப்பம்."

கடைசியில் யோகன்தான், யன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த ரீச்சர்" என்றான். சிலர் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு தீர்மானம் கொண்டுவந்தேன். எட்டு 'பி' மன்றத்தைப் பாராட்டுவது ஒன்று. ஒன்பது பேரின் எதிர்ப்புடன் நிறைவேறியது. அந்த ஒன்பதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதினேன். அடுத்த தவணைச் சஞ்சிகையை அலுமாரியில் வைக்காமல் வீடுவீடாகவும் தோட்டந்தோட்டமாகவும் கொண்டுபோவது மற்றது. "கிழிச்சுப்போட்டால்?" என்று யோகன் கேட்டான். அவன் விரலை அறிந்தவர்கள் ஒருவரும் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. "கிழிஞ்ச பக்கத்தை நான் எழுதுறன்" என்றேன். "உம்மடை எழுத்திலையோ? வேண்டாம், நானே எழுதுறன்" என்றான். அதுதான் வழிமொழிதல்.

நாங்கள் தோற்ற கதையை நானே என் கையால் அறிக்கைப் புத்தகத்தில் ஏற்றினேன். அந்தப் பக்கத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. மாணவ ஆசிரியர் பதவி கிடைத்திருந்தால் அப்படி ஒரு பக்கம் என் வாழ்க்கையில் இருந்திராது. இன்றைக்குச் சங்கக் கூட்டங்களில் தோற்றவர்கள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போகும்போது, எட்டு 'ஏ' எவ்வளவு பெரிய மன்றம் என்று நினைத்துக்கொள்வேன்.

தவணை விடுமுறையில் புதுச் சஞ்சிகைக்கு வேலை தொடங்கியது. அதற்குள் எனக்கு இன்னொரு யோசனை வந்திருந்தது. எட்டு 'பி'யின் வாசகியை எங்கள் பக்கம் இழுத்துவிட்டால் என்ன?

"அம்மா, எங்கடை சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதித் தாறியளோ? தண்ணி மாறுறதைப் பற்றி."

"எனக்கென்ன தெரியும் எழுத" என்றார் அம்மா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எப்ப வேணும்?" என்று கேட்டார்.

"வாற கிழமை."

"பேர் போடவேண்டாம். மருமகளின்ரையிலையும் போடேல்லை."

அம்மாவுக்கு வெட்கம் என்று எண்ணிக்கொண்டு சரி என்றேன். மச்சாளை வெல்ல நல்ல உத்தி கிடைத்துவிட்டது என்ற பெருமிதத்தோடு தாள்களை மடியில் வைத்து, அடிமட்டத்தைப் பிடித்து, ஒன்பதாம் பக்கத்துக்கும் பத்தாம் பக்கத்துக்கும் பென்சிலால் கோடு போட்டேன். அன்றைக்கு, அம்மாவுக்கு இரண்டு பக்கம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.